எழுந்தது முதல் அமர்ந்தது வரை

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு மங்கல் மணி அடித்ததும் அலைநாட்டுச் சட்டமன்ற உறுப்பினர்கள் முப்பத்து மூன்று பேரும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். அமைச்சர், எதிர்க்கட்சி, சபாநாயகர், வாசற்காவலர், மாடத்துப் பார்வையாளர் என்று அன்றைக்கு அவைக்குள் யார் யார் காது இருந்ததோ அத்தனை பேரும் மூடித்தான் ஆக வேண்டும். மூட வேண்டாம் என்று சட்டம் விலக்கு அளித்தது ஒருத்திக்கு மட்டும்தான். அவள் அவைக்குறிப்பாளர் குழல்வாய்மொழி.

அவள் தன் மேசையிலிருந்த சாவியை வலப்பக்கம் திருப்பினாள். எல்லோர் காதுக்குப் பின்னாலும் ஒட்டியிருந்த பொட்டளவுக் கருவிகள் மெல்ல முனகின. ஒரு நிமிடம் அத்தனை முகங்களும் தொட்டிலில் தூங்கும் பிள்ளை முகங்களாயின. கண் திறந்தபோது, தட்டுத்துறை அமைச்சர் வேலாண்டி காலையில் தான் மேசையைத் தட்டி ஒருவரைத் திட்டியதை மறந்திருந்தார். திட்டு வாங்கிய எதிர்க்கட்சிக்காரரோ திட்டு வாங்கியதையே மறந்திருந்தார்.

"வாரும்வே, சாயா குடிப்போம்" என்று அமைச்சர் அவர் தோளில் கைபோட, இருவரும் சிரித்துக்கொண்டே கேன்டீனுக்குப் போனார்கள்.

பத்தொன்பது வருடங்களாக இதை அவள் பார்த்துவருகிறாள். முதல் வருடம் சிரிப்பு வந்தது. இரண்டாம் வருடம் பொறாமையாக இருந்தது. அதற்குப் பிறகு என்ன இருந்தது என்று கேட்க அவளுக்கு யாரும் இல்லை.

அலைநாடு பெரிய நாடு ஒன்றும் இல்லை. தெற்குக் கரையைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு போக்கிடம் அற்றவர்கள் கடல் மேலேயே கட்டிக்கொண்ட பதினான்கு மிதவைத் தட்டுகள். தட்டுக்குத் தட்டு இரும்புக் கயிறு, கயிற்றோரம் நடைபாலம். தண்ணீர் மேல் இருந்தாலும் சட்டமன்றம், அரசாங்கம், நீதிமன்றம் மூன்றும் முறைப்படி உண்டு. முதல் அவையில் யாரோ மூன்றாம் தட்டுக்காரர்களை ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். சபாநாயகரும் வழக்கம்போல "அவைக்குறிப்பிலிருந்து நீக்குகிறேன்" என்றார். குறிப்பிலிருந்து நீங்கியது, மனதிலிருந்து நீங்கவில்லை. மறுநாள் மூன்றாம் தட்டும் ஐந்தாம் தட்டும் ஒன்றின் கயிற்றை ஒன்று வெட்டிக்கொண்டு பதினேழு உயிர் போயிற்று. அதன் பிறகு வந்ததுதான் மங்கல் சட்டம். அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுவது, கேட்டவர் நினைவிலிருந்தும் சொன்னவர் நினைவிலிருந்தும் அன்றே நீங்க வேண்டும்.

எதை நீக்கினோம் என்று ஒரு ஆளுக்காவது தெரிய வேண்டுமே, இல்லாவிட்டால் அதே வார்த்தையை மறுநாள் யாராவது சொன்னால் பிடிப்பது யார்? அந்த ஒரு ஆள்தான் அவைக்குறிப்பாளர். நீக்கியதை எல்லாம் அவள் 'நீக்கல் ஏடு' என்ற தடித்த புத்தகத்தில் எழுதிப் பூட்டிவைப்பாள். அதிலுள்ளதை யாரிடமும், சபாநாயகரிடமும்கூட, வாய் திறந்து சொல்வதில்லை என்று சத்தியம் செய்துதான் அவள் இந்த வேலைக்கு வந்தாள்.

தன்னைப் பற்றித் தனக்கே தெரியாதது ஒருத்திக்குத் தெரியும் என்றால் அவளிடம் யார் சிரித்துப் பேசுவார்கள்? மீன் சந்தையில் அவள் வந்தால் பேச்சு நின்றுபோகும். உறுப்பினர்களின் மனைவிமார் அவளைக் கண்டால் வேறு பாலத்தில் போவார்கள். 'குறிப்பம்மா' என்றுதான் ஊரே அவளைக் கூப்பிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்ட அம்மாவும் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டது. ஐம்பத்தோரு வயதில் ஒற்றை அறை, ஒற்றைச் சோற்றுத்தட்டு, ஒற்றை டம்ளர். அவள் தலைக்குள் மட்டும் பத்தொன்பது வருடச் சண்டையும் அழுகையும் கூட்டமாக நடந்துகொண்டிருந்தன.

அன்றைய விஷயத்துக்கு வருகிறேன். கூட்டத்தொடரின் நான்காம் நாள் அது. எட்டாம் தட்டின் உறுப்பினர் தொபியாஸ் எழுந்து, "எங்க தட்டோட அடிமிதவையில வெடிப்பு இருக்குன்னு பொறியாளர் அறிக்கை வந்துருக்கு. நானூத்திப் பன்னெண்டு பேரு இருக்கோம். அரசாங்கம் என்ன செய்யப் போகுது?" என்று கேட்டார். அமைச்சர் வேலாண்டி எழுந்தார். "ஐப்பசி மழைக்கு முந்தி எட்டாம் தட்டு சனம் அம்புட்டுப் பேரையும் பன்னெண்டாம் தட்டுக்கு மாத்திருவோம். இது இந்த அரசாங்கத்தோட வாக்கு" என்று தெளிவாகச் சொன்னார். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். எதிர்வரிசையிலிருந்து ஒருவர் "இப்படி எத்தன வாக்கு பாத்தாச்சு" என்று முணுமுணுக்க, அமைச்சர் அவரை ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தையை இங்கே எழுதுவதற்கில்லை. சபாநாயகர் அருமைநாயகம் அந்தச் சொல்லை நீக்க ஆணையிட்டார்.

ஒரு சொல்தான். ஆனால் குறிப்பாளர்களுக்குள் சட்டத்தில் எழுதாத வழக்கம் ஒன்று இருந்தது. ஒரு சொல்லை மட்டும் நினைவிலிருந்து பிடுங்கினால் அந்த இடத்தில் ஓட்டை விழும். ஆட்கள் 'அப்புறம் என்ன சொன்னேன், என்ன சொன்னேன்' என்று நாள் முழுக்க நெற்றியைத் தேய்த்துக்கொண்டு தலைவலியோடு திரிவார்கள். அதனால் பேசியவர் எழுந்தது முதல் அமர்ந்தது வரை மொத்தமாக எடுத்துவிடுவது. எடுத்தது யாருக்கும் தெரியாது, யாருக்கும் தலைவலியும் இல்லை. முந்தைய குறிப்பாளர் அப்படிச் செய்தார், இவளும் அப்படியே செய்தாள்.

அன்றும் செய்தாள். அமைச்சரின் திட்டோடு அமைச்சரின் வாக்கும் போயிற்று.

அவள் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அறிக்கைதான் அமைச்சர் மேசையில் இருக்கிறதே, தானே செய்வார் என்று நினைத்தாள். ஐந்து நாள் ஆயிற்று. தெற்கே வானம் கறுத்தது. எட்டாம் தட்டை நோக்கி ஒரு படகுகூடப் புறப்படவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் தொபியாஸ் அவைக்கு வெளியே அவளைப் பார்த்துத் தலையை அசைத்தார். தினமும் அசைப்பார். அறுபதை நெருங்கும் ஆள், மனைவியை இழந்தவர், படகு பழுதுபார்க்கிற கை, சட்டையில் எப்போதும் எங்காவது கிரீஸ் கறை.

"ஒரு சந்தேகம் குறிப்பம்மா" என்றார். "நாலாம் நாள் நான் கேள்வி கேட்டது ஞாபகம் இருக்கு. பதில் வந்த ஞாபகம் இல்ல. குறிப்பப் பாத்தா நீக்கப்பட்டதுன்னு போட்டுருக்கு. இன்னொரு தடவ கேக்கலாம்னா ஒரே கூட்டத்தொடர்ல ஒரே கேள்விய ரெண்டு தடவ கேக்கப்பிடாதுங்காவ. இன்னும் மூணு நாள்ல கூட்டம் முடியுது. அடுத்த கூட்டம் தையிலதான். எனக்கு நீங்க எதுவும் சொல்ல முடியாது, தெரியும். சும்மா மனசு கேக்காமச் சொன்னேன்."

அவள் அவர் போன பிறகும் அதே இடத்தில் நின்றாள். இவரிடம் வாயைக் கட்டிக்கொண்டு நிற்பது அவளுக்கு மற்றவர்களிடம் நிற்பதுபோல் இல்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

பதினொரு வருடங்களுக்கு முன், அவை மண்டபத்தின் ஒழுகும் கூரையைப் பற்றி விவாதம் நடந்தபோது தொபியாஸ் எழுந்தார். கூரையைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு, என்ன தோன்றிற்றோ, சம்பந்தமே இல்லாமல் இப்படிச் சொன்னார்: "நான் இங்க எந்திரிச்சுப் பேசுதப்பல்லாம், வேற யாரு கேட்டா என்ன, கேக்காட்டி என்ன, குழல்வாய்மொழி கேட்டாப் போதும்னு நெனச்சுக்கிடுதேன். வீட்டுலயும் அப்படி ஒருத்தி கேக்க இருந்தா நல்லாருக்கும். அம்புட்டுத்தான்." உட்கார்ந்துவிட்டார். அவை கொல்லென்று சிரித்தது. அவையில் பேச உரிமையில்லாதவரின் பெயரை அவையில் சொல்லக் கூடாது என்பது விதி. சபாநாயகர் அந்தப் பெயரை மட்டும் நீக்கச் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த பென்சில் நடுங்க, குழல்வாய்மொழி வழக்கப்படி எழுந்தது முதல் அமர்ந்தது வரை குறியிட்டாள். மணி அடித்தது. அவளே சாவியைத் திருப்பினாள்.

கண் திறந்த தொபியாஸுக்கு ஒன்றும் தெரியவில்லை. சிரித்தவர்களுக்கும் தெரியவில்லை. சொன்னது போயிற்று, மனதிலிருந்த நினைப்பும் கூடவே போயிற்றா என்று அவளுக்கு விளங்கவில்லை. இன்னொரு தடவை அவையில் இல்லாமல் வெளியே எங்காவது சொல்வார் என்று ஒரு வருடம் காத்திருந்தாள். மறு வருடமும் காத்திருந்தாள். அவர் தலையை மட்டும் அசைத்தார். தானாகப் போய்க் கேட்கவோ சத்தியம் விடவில்லை. ஆனாலும் அவள் வாழ்க்கையில் அவளுக்கென்று ஒருவர் சொன்னது அந்த ஒன்றுதான். ஒற்றை அறையில் சோறு வடிக்கும்போதெல்லாம் அதை எடுத்துக் கேட்டுக்கொள்வாள்.

அன்று மதியம் அவள் அமைச்சரின் அறைக்குப் போனாள். வேலாண்டி பதறி எழுந்தார்.

"வாங்க குறிப்பம்மா. நான் ஏடாகூடமா எதுவும் பேசிட்டனா?"

"அதுக்கு வரல ஐயா. எட்டாம் தட்டு அறிக்கை ஒங்க மேசையில கெடக்குல்லா..."

"அதோட சேத்து மூணு தட்டு அறிக்கை கெடக்கு. எத மொதல்ல எடுக்கன்னு அமைச்சரவை இன்னும் முடிவு பண்ணல. ஏன் கேக்கீய?"

"மழை வருது. அதான்."

அமைச்சர் அவளைக் கூர்ந்து பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அம்மா, நான் அவையில எதுவும் வாக்குக் குடுத்துருக்கனா? குடுத்துருந்தா குறிப்பக் காட்டுங்க, நாளைக்கே படகு விடுதேன். அவையில சொன்ன வாக்குன்னா அதிகாரி தட்ட முடியாது, பன்னெண்டாம் தட்டுக்காரனும் எடம் இல்லன்னு சொல்ல முடியாது. அப்படி ஒரு வாக்கு இல்லாம நான் போயி நின்னா, 'எந்த அதிகாரத்துல நானூறு பேரக் கொண்டாந்து எறக்குதீரு'ன்னு கேப்பான். என்னைய அதிகாரம் பண்ண விடுததே அந்த அவைதான. இருக்கா, இல்லியா?"

பதில் அவள் வாய்வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் காலை நீதிமன்றத்துக்குப் போனாள். எட்டாம் தட்டு மக்கள் போட்ட வழக்கு அன்று விசாரணைக்கு வந்திருந்தது. கைப்பிள்ளைகளோடு பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நீதிபதி ருக்கையா பொறுமையாகக் கேட்டுவிட்டு மக்களைப் பார்த்து நேராகப் பேசினார்.

"உங்க பயம் எனக்குப் புரியுது. ஆனா எந்தத் தட்டை முதல்ல காலி பண்ணணும்னு தீர்மானிக்கிறது அரசாங்கத்தோட வேலை. அந்த நாற்காலியில நான் போய் உட்காரக் கூடாது. அமைச்சர் அவையில வாக்குக் குடுத்திருந்தார்னா கதை வேற. 'குடுத்த வாக்கை நிறைவேத்து'ன்னு நான் இன்னைக்கே ஆணை போட்டிருப்பேன். அதுக்குச் சாட்சி அவைக்குறிப்பு ஒண்ணுதான். குறிப்புல இல்லைன்னா, சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன நடந்ததுன்னு நான் எட்டிப் பாக்க முடியாது. அவங்க இங்க எட்டிப் பாக்காம இருக்கிறதாலதான் நான் பயமில்லாம தீர்ப்பு எழுதுறேன்."

முன்வரிசையில் ஒரு பெண், "அப்ப நாங்க யாருகிட்டத்தான் போவ?" என்றாள். நீதிபதி மேசையிலிருந்த தண்ணீரைக் குடித்தார்.

குழல்வாய்மொழி பின்வரிசைத் தூணோரம் நின்று அத்தனையும் கேட்டாள். அரசாங்கம் அவையின் வாக்குக்குக் காத்திருக்கிறது. நீதிமன்றம் அவையின் குறிப்புக்குக் காத்திருக்கிறது. அவைக்கோ ஒன்றும் ஞாபகம் இல்லை. மூவர் சொல்வதும் சரி, மூவரும் தங்கள் எல்லையைத் தாண்டாத யோக்கியர்கள். திட்டுவதற்குக்கூட ஒரு ஆள் அகப்படவில்லையே என்று அவளுக்குக் கண் கரித்தது. அப்புறம்தான் உறைத்தது, ஆள் இருக்கிறது, தூணோரம்தான் நிற்கிறது என்று.

பதினோராம் நாள் காலை, அவை கூடுமுன், அவள் சபாநாயகர் அறைக் கதவைத் தட்டினாள்.

"ஐயா, ஒரு பிழைதிருத்தம் குடுக்கணும்."

அருமைநாயகம் கண்ணாடியைக் கழற்றினார். எழுபது வயது, விதிப்புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவர் என்று பெயர்.

"நீக்குன விஷயம்னா என்கிட்டயும் சொல்லப்பிடாது. தெரியும்லா?"

"சொல்லல ஐயா. ஒங்க ஆணைப் புத்தகத்த எடுங்க. நாலாம் நாள். எத்தன சொல்ல நீக்கச் சொல்லியிருக்கீய?"

அவர் புரட்டினார். என்ன சொல் என்று அதில் இருக்காது, எத்தனை சொல் என்று மட்டும் இருக்கும், கீழே அவர் கையெழுத்து இருக்கும். "ஒரு சொல்லு" என்றார்.

அவள் அவைக்குறிப்பை விரித்து முன்னால் வைத்தாள். தொபியாஸின் கேள்வி இருந்தது. அதற்குக் கீழே 'நீக்கப்பட்டது' என்று ஒரு வார்த்தை, பிறகு அரைப் பக்கம் வெறுமையாக இருந்தது.

"இது ஒரு சொல்லு விட்ட எடமா ஐயா?"

சபாநாயகர் அந்த வெறுமையை விரலால் அளப்பதுபோல் தடவினார். "இல்லியே."

"ஒங்க ஆணைக்கு ஒண்ணு. மிச்சத்த நானா எடுத்தேன்." வழக்கத்தை அவள் சொன்னாள். தலைவலியை, எழுந்தது முதல் அமர்ந்தது வரை எடுப்பதை, தனக்கு முன்னாலிருந்தவரும் அப்படியே செய்ததை.

"பத்தொம்பது வருசமாவா?"

"ஆமா ஐயா."

அவர் ஆணைப் புத்தகத்தை மூடினார். "இந்த அவை பேசுனதுல பாதி இந்த அவைக்கே தெரியாதுன்னு சொல்லுங்க" என்றார். கோபமில்லை, களைத்த குரல். "நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டா நான் நீக்கல் ஏட்டத் தொறந்து, மிச்சச் சொல்ல அவையில வாசிக்கலாம். சட்டம் அதுக்கு வழி விடுது. ஆனா அதே சட்டம் இன்னொண்ணும் சொல்லுது. தவறுன குறிப்பாளருக்கு விலக்கு கெடையாது. சாயந்தரம் மணி அடிக்கும்போது நீங்களும் கண்ண மூடணும். பத்தொம்பது வருசமா நீக்குனது அம்புட்டும் ஒங்க தலையிலேருந்து போயிரும். வேலையும் போயிரும். யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன்."

"சத்தியத்த மீறல, எங்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. தப்ப மட்டும் சொல்லுதீய. வாய மூடிக்கிட்டு இருந்தாலும் யாருக்கும் தெரியப் போறதில்லையேம்மா."

"எட்டாம் தட்டுக்குத் தெரியும் ஐயா. மழை வந்தா."

சபாநாயகர் பேனாவை அவள் பக்கம் தள்ளினார். அவள் எடுக்கவில்லை. "பத்து நிமிசம் குடுங்க" என்றாள்.

நீக்கல் ஏடுகள் இருக்கும் அறைக்குப் போய், பதினொரு வருடத்துக்கு முந்திய ஏட்டை எடுத்துப் பிரித்தாள். தன் கையெழுத்தில், நடுங்கின பென்சிலில், அந்த வரிகள் இருந்தன. மனப்பாடமாகத் தெரிந்ததை ஒரு தடவை வாசித்தாள். ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டுபோய் அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தால் என்ன என்று ஆசை வந்தது. சாயங்காலத்துக்கு மேல் அந்தத் தாளைப் பார்த்தாலும் அது யாரோ யாருக்கோ சொன்னதாகத்தான் இருக்கும் என்று பிறகு தோன்றியது. அழுகை வந்தது. ஏட்டின் மேல் விழாமல் முந்தானையால் துடைத்துக்கொண்டாள். ஒருத்தி பதினொரு வருடம் வைத்து வாழ்ந்ததை ஒரு கையெழுத்தில் கொடு என்றால் யாருக்குத்தான் கை வரும்?

நானூற்றுப் பன்னிரண்டு பேர் என்று அவர் கேட்ட குரலும் அவள் காதில் இருந்தது. ஏட்டை மூடினாள். போய்க் கையெழுத்துப் போட்டாள்.

அன்று பிற்பகல் அருமைநாயகம் எழுந்து பிழைதிருத்தத்தை வாசித்தார். அமைச்சர் வேலாண்டி தன் வாக்கைத் தானே முதல் தடவையாகக் கேட்பவர்போல் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். வாசித்து முடித்ததும் அவை முழுக்க அவரைப் பார்த்தது. அவர் மெல்ல எழுந்தார்.

"எனக்கு இத சொன்ன ஞாபகம் இல்ல" என்றார். "ஆனா அவைக்குறிப்புல இருக்குன்னா, நான் சொன்னதுதான். திங்கக்கிழமை காலையில படகு எட்டாம் தட்டுல நிக்கும்."

தொபியாஸ் மேசையில் தலைகவிழ்ந்துகொண்டார். தோள் குலுங்கியது. குழல்வாய்மொழி அதைக் குறிப்பில் எழுதவில்லை, எழுதும் வழக்கம் இல்லை. அவளுடைய கடைசிப் பக்கம் அத்தோடு முடிந்தது.

ஐந்தே முக்காலுக்கு மணி அடித்தது. பார்வையாளர் வரிசையில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். சாவியிடம் புதிதாக வந்த ஒருவர் நின்றார். அவள் கண்ணை மூடினாள். சோறு வடிக்கும்போது கேட்கிற அந்தக் குரலை ஒரு தடவை எடுத்தாள். காதுக்குப் பின்னால் மெல்ல முனகியது.

கண் திறந்தபோது வெளிச்சமாக இருந்தது. தலை இவ்வளவு லேசாக இருக்குமா என்று ஆச்சரியப்பட்டாள். ஏதோ ஒரு கூட்டம் வீட்டைக் காலிசெய்துகொண்டு போனதுபோல் இருந்தது. கன்னம் ஏன் ஈரமாக இருக்கிறது என்று தெரியவில்லை.

ஐப்பசி பன்னிரண்டாம் தேதி புயல் வந்தது. எட்டாம் தட்டு மூன்றாக உடைந்து கடலுக்குள் போனது. அதில் ஒரு பூனைகூட இல்லை. பூனைகளையும் படகில் ஏற்றியிருந்தார்கள்.

அருமைநாயகம் விதிக்கார மனிதர், ஒரு பிழையைத் திருத்திவிட்டு மற்றதை விடுகிறவர் இல்லை. பத்தொன்பது வருடத்தில் ஆணைக்கு மேல் எடுத்தது எல்லாவற்றையும் குறிப்பில் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டார். நீக்கச் சொன்ன சொல் மட்டும் நீங்கியே இருக்கும், மிச்சம் அச்சாகும். தலையணை கனத்தில் பிழைதிருத்தத் தொகுதி மார்கழியில் வெளிவந்தது. ஊரே வாங்கி வாசித்தது. பழைய சண்டைகள் சில மறுபடி முளைத்தன, தாங்கள் முன்பு கேட்ட மன்னிப்பைக் கண்டுபிடித்துச் சிலர் வெட்கப்பட்டார்கள். குழல்வாய்மொழி மட்டும் வாசிக்கவில்லை. அவளுக்கு இப்போது ஊரில் சிலர் முகம் கொடுத்தார்கள், மீன்காரி 'வாங்கம்மா' என்றாள். ஆனாலும் பேச எடுத்தால் பேச்சு வரவில்லை. ராத்திரி பகல் ஓயாத தலைக்கூட்டமும் போய்விட்டது. இப்படி ஒரு வெறுமை இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சோறு வடிக்கும்போது எதையோ எடுக்க மனம் போகும். கை வெறுமையாகத் திரும்பும்.

தை பிறந்து நாலாம் நாள் சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. தொபியாஸ் நின்றார். தொகுதியைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார், ஒரு பக்கத்தில் மீன்வலை நூலை அடையாளம் வைத்திருந்தார். சட்டையில் கறை இல்லை. அவள் ஒற்றை நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு அடுப்போரம் நின்றாள்.

"இதப் பாத்தீயளா?" என்று அந்தப் பக்கத்தை நீட்டினார்.

அவள் வாசித்தாள். கூரையைப் பற்றி இரண்டு வார்த்தை. பிறகு: 'நான் இங்க எந்திரிச்சுப் பேசுதப்பல்லாம், வேற யாரு கேட்டா என்ன, கேக்காட்டி என்ன' என்று ஓடி, நடுவில் ஒரு வெற்றிடம். 'கேட்டாப் போதும்னு நெனச்சுக்கிடுதேன். வீட்டுலயும் அப்படி ஒருத்தி கேக்க இருந்தா நல்லாருக்கும். அம்புட்டுத்தான்.'

"நீங்க சொன்னதா ஐயா?"

"நாந்தானாம். எனக்கு ஞாபகம் இல்ல. இத ஒரு நாள் சொல்லணும் சொல்லணும்னு இந்நேரம் வரைக்கும் நெனச்சுக்கிட்டே இருந்தேன். தைரியம் இல்லாத பயன்னு என்னைய நானே திட்டிக்கிட்டுக் கெடந்தேன். பாத்தா, பதினோரு வருசத்துக்கு முந்தியே சொல்லித் தொலச்சிருக்கேன்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "இத எழுதுனது நீங்கதான. கேட்டவுக அன்னைக்கு என்ன நெனச்சாவன்னு ஒங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கும். அதக் கேக்கத்தான் வந்தேன்."

"எனக்கும் இப்ப ஒண்ணும் தெரியாது ஐயா. எல்லாம் எடுத்துட்டாங்க." அவள் மறுபடி அந்த வரிகளைப் பார்த்தாள். யாரோ ஒருத்தி இதைக் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு என்ன நினைத்தாளோ, எப்படி இருந்தாளோ, எந்தக் குறிப்பிலும் இல்லை. கொடுத்துவைத்தவள் என்று தோன்றியது.

"இந்த எடத்துல யாரு பேரு ஐயா இருந்துச்சு?"

தொபியாஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். கேலி செய்கிறாளோ என்று முதலில் பார்த்தார், பிறகு அப்படி இல்லை என்று புரிந்துகொண்டார். தொகுதியை மூடித் தரையில் வைத்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்தார்.

உறுப்பினர் எழுவதைக் கண்டதும் பத்தொன்பது வருடப் பழக்கத்தில் அவள் கை பென்சிலைத் தேடியது. அடுப்போரம் ஏது பென்சில்? கைக்கு ஒன்றும் அகப்படாமல், என்ன செய்வதென்று தெரியாமல், பேச எழுந்தவரின் முகத்தை அவள் பார்த்தாள். இத்தனை வருடமும் தாளைப் பார்த்தே கேட்டிருக்கிறாள்.

"குழல்வாய்மொழி" என்றார் தொபியாஸ்.

அந்தப் பெயரை யாராவது முழுதாகச் சொல்லி அவள் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது.